பன்றியின் இதயத்தில் ஒளிந்திருந்த வைரஸ்

மட்டக்களப்பு மாவட்டத்தில் ஓர் அரச ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். ‘நெகட்டிவ்’ என்று எழுதிக் கையெழுத்து வைப்பது என் வேலையில் பெரும்பகுதி. அதை நம்பித்தான் ஒருவரின் இரத்தம் இன்னொருவருக்கு ஏறுகிறது, ஒரு தாய் நிம்மதியாகத் தூங்குகிறாள், ஒரு டொக்டர் கத்தியைக் கையில் எடுக்கிறார். அதனால்தானோ என்னவோ, பன்றியின் உறுப்பை மனிதனுக்குப் பொருத்திய செய்தியைப் படிக்கும்போது மற்றவர்கள் அறுவைச் சிகிச்சையைப் பார்த்து வியந்தார்கள். நான் பன்றிக்கு என்னென்ன டெஸ்ட் செய்தார்கள் என்று தேடிப் போனேன்.

டேவிட் பெனட்டின் கதை பலருக்கு நினைவிருக்கும். வயது 57. இதயம் முற்றாகச் சோர்ந்துவிட்டது, மனித இதயத்துக்கான பட்டியலில் அவரைச் சேர்க்கவும் மறுத்துவிட்டார்கள். 2022 ஜனவரி 7 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், மேரிலாந்து பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில், பன்றியின் இதயத்தை அவருக்குப் பொருத்தினார்கள். அந்தப் பன்றியின் மரபணுக்களில் பத்து மாற்றங்கள் செய்திருந்தார்கள். மனித உடம்பு பார்த்தவுடனே எதிர்க்கும் சர்க்கரை மூலக்கூறுகளை உண்டாக்கும் மூன்று மரபணுக்களை நிறுத்தினார்கள். இதயம் அளவுக்கு மீறி வளராமலிருக்க இன்னொன்றை நிறுத்தினார்கள். மனித மரபணுக்கள் ஆறைச் சேர்த்தார்கள். பொருத்தியவுடன் இதயம் துடித்தது. முதல் வாரங்கள் நன்றாகவே போயின.

இருபதாம் நாள் எடுத்த இரத்தத்தில் பன்றியின் சைட்டோமெகலோ வைரஸின் டிஎன்ஏ தெரிந்தது. மிக மிகக் குறைந்த அளவு. அந்த மாதிரி முடிவு கையில் வந்தால் எந்த ஆய்வுகூடத்திலும் முதலில் வருவது சந்தேகம்தான்: இது நிஜமா, மாதிரியில் ஏதும் கலந்ததா? ஆனால் அடுத்தடுத்த மாதிரிகளில் அளவு கூடிக்கொண்டே போனது. மார்ச் 8 அன்று பெனட் இறந்தார்.

அந்த வைரஸ் ஒன்றுதான் அவரைக் கொன்றது என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. ஏற்கெனவே உடம்பு தேய்ந்துபோனவர். சிகிச்சைக்காகக் கொடுத்த, பலருடைய இரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபொடி (நோயெதிர்ப்புப் புரதம்) மருந்தே பன்றி இதயத்தைத் தாக்கியிருக்கலாம் என்றும் மருத்துவர்கள் சந்தேகப்பட்டார்கள். ஆனால் எனக்கு உறக்கம் கெட்ட இடம் வேறு. அந்தப் பன்றியை முன்கூட்டியே பரிசோதித்திருந்தார்கள். மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் பிசிஆர் செய்தார்கள். நெகட்டிவ். பிறகு, எடுத்து வைத்திருந்த மண்ணீரலைப் பரிசோதித்தபோது வைரஸ் இருந்தது.

இது ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ். சின்ன வயதில் கொப்புளிப்பான் வந்த ஒருவருக்கு ஐம்பது, அறுபது வயதில் அக்கி போடுகிறதே, அதுவும் இந்தக் குடும்பத்துச் சொந்தம்தான். ஒருமுறை உள்ளே வந்தால் வெளியே போகாது. உடம்பு பலமாக இருக்கும்வரை எங்கேயோ உறங்கிக் கிடக்கும். உறங்கும் வைரஸை மூக்கில் தேடினால் கிடைக்காது. அதற்கு ஆன்டிபொடி டெஸ்ட் செய்ய வேண்டும், அதாவது இந்த உடம்பு எப்போதாவது அந்த வைரஸைச் சந்தித்ததா என்று கேட்க வேண்டும். குட்டிகளில் இன்னொரு சிக்கல்: தாயின் பாலோடு வந்த ஆன்டிபொடியும் கலந்திருக்கும். ஆகவே எந்த வயதில், எந்த இடத்து மாதிரியில், எந்த முறையில் தேடினார்கள் என்று தெரியாமல் அந்த ‘நெகட்டிவ்’வை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இதில் எனக்கு ஆறாத விஷயம், எச்சரிக்கை முன்பே இருந்தது என்பதுதான். ஜெர்மனியில் மியூனிக் குழுவினர் பபூன் குரங்குகளுக்குப் பன்றி இதயம் வைத்து, அதிகபட்சம் 195 நாட்கள்வரை வாழ வைத்திருந்தார்கள். 2020-ல் யோக்கிம் டென்னர் உள்ளிட்டவர்கள் அதே வரிசை ஆய்வுகளைப் பற்றி எழுதினார்கள்: இந்த வைரஸ் இருந்த பன்றிகளின் இதயம் பெற்ற குரங்குகள் சில வாரங்களிலேயே இறந்தன. பன்றிகளிடமிருந்து இந்த வைரஸை ஒழிக்க மரபணு வித்தை எதுவும் தேவையில்லை. குட்டிகளைப் பிறந்த கையோடு தாயிடமிருந்து பிரித்து, தொற்றில்லாத இடத்தில் வளர்த்தாலே போதும். பத்து மரபணுக்களைத் திருத்தக்கூடிய கைகளுக்கு இது முடியாத காரியமில்லை. அதற்குப் பிறகு நடந்த மாற்றுச் சிகிச்சைகளில் இந்த வைரஸைக் கடுமையாகத் தேடுகிறார்கள். ஒரு மனிதர் போன பிறகு என்றாலும், தேடுகிறார்கள்.

நான் இதையெல்லாம் படிக்கத் தொடங்கியது என் மாமாவால். அம்மாவின் தம்பி. கொக்கட்டிச்சோலைப் பக்கம் வேளாண்மை செய்தவர். சீனி வருத்தமும் பிரஷரும் சேர்ந்து இரண்டு கிட்னியையும் பழுதாக்கிவிட்டன. இப்போது வாரா வாரம் மண்முனைப் பாலத்தைக் கடந்து டயலிசிஸுக்கு வந்து போகிறார். டயலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக இரத்தக் குழாய்களை இணைத்துக் கையில் ஃபிஸ்டுலா போட்ட இடம் கயிறு முறுக்கியதுபோல் புடைத்திருக்கும். டயலிசிஸ் முடிந்து ஓட்டோவில் ஏறும்போது அவருடைய கால்கள் பின்னுவதை நான் பார்த்திருக்கிறேன். பன்றிக் கிட்னி வைத்த செய்தியை யாரோ போனில் காட்டியிருக்கிறார்கள். பன்றி என்றாலே இரவில் வேளாண்மைக்குள் இறங்கி நாசம் பண்ணும் சென்மம் என்று ஆயுள் முழுக்கக் காவல் இருந்தவர் அவர். அருவருப்பாகப் பேசுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

“பண்டிட கிட்னிய வெச்சா பண்டிட வருத்தம் எனக்கு வந்தா வரட்டும் புள்ள. ஊட்ட சின்னப் புள்ளையள் இரிக்கி. அதுகளுக்குத் தொத்துமா?”

இதைவிடச் சரியான கேள்வியை நான் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் காணவில்லை. மாற்றுச் சிகிச்சையில் கையெழுத்துப் போடுகிறவர் தன் உயிருக்குத்தான் கையெழுத்துப் போடுகிறார். ஆனால் விலங்கிலிருந்து ஒரு வைரஸ் மனிதனுக்குள் குடியேறக் கற்றுக்கொண்டால், அது அவரோடு நிற்காது. மனைவி, பேரப்பிள்ளை, ஊசி போட்ட தாதி, இரத்தம் எடுத்த என்னைப் போன்றவர்கள், பிறகு நமக்குத் தெரியாத யாரோ. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை.

இந்தப் பயத்துக்கு ஒரு பழைய பெயர் உண்டு: பன்றியின் மரபணுவுக்குள்ளேயே இருக்கும் ரெட்ரோ வைரஸ். சுருக்கமாகப் ‘பெர்வ்’ என்பார்கள். எச்ஐவியும் ரெட்ரோ வைரஸ் வகைதான், ஆனால் பெர்வ் வேறு கிளை. எத்தனையோ தலைமுறைக்கு முன்பு பன்றிகளைத் தொற்றி, அவற்றின் டிஎன்ஏக்குள் தன்னை எழுதிவிட்டது. தாய் தகப்பனிடமிருந்து குட்டிக்கு நிறம் வருவதுபோல இதுவும் வரும். எவ்வளவு சுத்தமான கொட்டிலில் வளர்த்தாலும் போகாது, ஏனென்றால் அது கொட்டிலில் இல்லை, ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கிறது. 1997-ல் லண்டனில் ராபின் வைஸ் குழுவினர், பன்றிச் செல்லிலிருந்து வெளிவந்த இந்த வைரஸ் ஆய்வுகூடத் தட்டில் மனித செல்களைத் தொற்றும் என்று காட்டினார்கள். அத்தோடு இந்தத் துறையே சில காலம் உறைந்துபோனது. 1999-ல் ஐரோப்பிய கவுன்சில் இதை நிறுத்தி வைக்கச் சொல்லும் அளவுக்குப் போனது.

அதே 1999-ல் இன்னோர் ஆய்வும் வந்தது. பன்றியின் உயிருள்ள திசுக்களோடு ஏதோ ஒரு வகையில் சிகிச்சை பெற்றிருந்த 160 பேரைத் தேடிப் பரிசோதித்தார்கள். தீக்காயத்துக்குப் பன்றித் தோல் போட்டவர்கள், நீரிழிவுக்காகப் பன்றிக் கணையச் செல்கள் பெற்றவர்கள், தங்கள் இரத்தத்தைப் பன்றி உறுப்பின் வழியே ஓட விட்டவர்கள். ஒருவரிடமும் பெர்வ் தொற்று இல்லை. அதற்குப் பிறகு உறுப்பு பெற்றவர்களிடமும் இதுவரை ஒரு தொற்றும் உறுதியாகவில்லை. தட்டில் நடப்பது எல்லாம் உடம்பில் நடப்பதில்லை. எச்ஐவிக்குக் கொடுக்கும் சிடோவுடின், ரால்டெக்ராவிர் போன்ற மருந்துகள் பெர்வையும் ஆய்வுகூடத்தில் தடுக்கின்றன என்பதும் ஆறுதலான செய்தி.

அதற்குள் மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் என்ற முறை வந்துவிட்டது. ஜோர்ஜ் சேர்ச்சும் லூஹான் யாங்கும் சேர்ந்த குழு 2015-ல் ஒரு பன்றிச் செல் வகையில் 62 இடங்களில் இருந்த பெர்வை ஒரே வீச்சில் செயலிழக்க வைத்தது. 2017-ல் அப்படிப் பெர்வ் செயலிழந்த 37 குட்டிகள் பிறந்தன. 2024 மார்ச்சில் பொஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ரிச்சர்ட் ஸ்லேமன் என்ற 62 வயதுக்காரருக்கு வைத்த கிட்னி அந்த வழியில் வந்த பன்றியுடையது. மொத்தம் 69 மாற்றங்கள். அதில் 59 பெர்வை அணைப்பதற்காக மட்டும். அவர் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் இறந்தார், கிட்னி பழுதானதால் இறந்ததற்கு அறிகுறி இல்லை என்றார்கள். அதே ஆஸ்பத்திரியில் 2025 ஜனவரியில் கிட்னி பெற்ற டிம் ஆன்ட்ரூஸ் 271 நாட்கள் அதோடு வாழ்ந்தார், பிறகு கிட்னி சோர்ந்து அதை எடுக்க வேண்டி வந்தது. 271 நாட்கள் டயலிசிஸ் இல்லாமல் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியாது. மாமாவைக் கேட்டால் தெரியும்.

பெர்வை அணைத்தே ஆக வேண்டுமா, மனித செல்லைத் தொற்றும் கலப்பு உருவாகக் காரணமாகும் ‘சி’ வகைப் பெர்வ் இல்லாத பன்றிகளைத் தேர்ந்தெடுத்தாலே போதுமா என்று விஞ்ஞானிகளுக்குள் இன்றும் இரண்டு பக்கம் உண்டு. இவ்வளவும் படித்த பிறகு பெர்வ் மேல் எனக்கு இருந்த பயம் பாதியாகக் குறைந்துவிட்டது. அதைப் பெயர் சொல்லித் தேடலாம், அளக்கலாம், தேவைப்பட்டால் அணைக்கலாம். என் பயம் மற்றப் பக்கம்.

மனித உடம்பு பன்றி உறுப்பை ஏற்கட்டும் என்று நாம் செய்யும் அதே மாற்றங்கள் வைரஸுக்கும் கதவைத் திறந்து விடுகின்றன. பன்றிச் செல்லின் மேல் ‘ஆல்ஃபா கால்’ என்ற சர்க்கரை இருக்கிறது. நம் எல்லோருடைய இரத்தத்திலும் அதற்கு எதிரான ஆன்டிபொடி பிறந்த சில மாதங்களிலிருந்தே உண்டு. பன்றிச் செல்லிலிருந்து கிளம்பும் வைரஸ் சில அதே சர்க்கரையைப் போர்த்திக்கொண்டு வெளியே வரும், நம் ஆன்டிபொடி அதைப் பார்த்தவுடனே அழித்துவிடும். ஆல்ஃபா கால் இல்லாத பன்றியை உருவாக்கினால் உறுப்பும் தப்பும், வைரஸும் தப்பும். சேர்க்கும் மனித மரபணுக்களில் சிடி46 ஒன்று. சின்னமுத்து வைரஸ் மனிதச் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடிகளில் ஒன்று அது. இதற்கு மேல், நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து நாள் தவறாமல் உள்ளே போகிறது. தோல், வயிறு, நுரையீரல் என்று கடந்து வர வேண்டிய எல்லாக் காவலையும் தாண்டி, வைரஸ் உறுப்போடு நேரே உள்ளே கொண்டு வந்து வைக்கப்படுகிறது. பன்றி இறைச்சி தின்பதும் பன்றிக் கிட்னி வைப்பதும் ஒன்றல்ல. இறைச்சியை நாம் வேக வைக்கிறோம்.

அதனால்தான் பன்றிகளில் சாதாரணமாகக் காணப்படும் ஈ வகை ஈரலழற்சி வைரஸ் முக்கியமாகிறது. நல்ல உடம்புக்காரருக்கு வந்து போய்விடும். உறுப்பு மாற்றியவருக்கு அது போகாமல் நீடித்து ஈரலைக் கெடுக்கும். (படுவான்கரையில் காட்டுப்பன்றி இறைச்சி வாங்குகிறவர்கள் நடுப்பகுதிவரை நன்றாக வேக விடுங்கள். உங்களுக்கு இல்லையென்றாலும் வீட்டில் யாராவது இப்படியான மருந்து எடுப்பவர் இருக்கலாம்.)

பட்டியலில் உள்ள வைரஸையெல்லாம் தேடலாம். பட்டியலிலேயே இல்லாதது? மலேசியாவில் 1998-99-ல் நடந்ததை எங்கள் துறையில் யாரும் மறக்கக்கூடாது. பன்றிப் பண்ணைக்காரர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. முதலில் யப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணி நுளம்புக்கு மருந்தடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. கடைசியில் சுங்கை நிப்பா என்ற கிராமத்து நோயாளியிடமிருந்து வளர்த்தெடுத்த வைரஸ் அதுவரை உலகம் பார்க்காத ஒன்று. பழந்தின்னி வௌவாலிலிருந்து பன்றிக்கும், பன்றியிலிருந்து மனிதருக்கும் வந்திருந்தது. 265 பேருக்கு நோய், 105 பேர் இறப்பு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். 1998 தொடக்கத்தில் அந்தப் பண்ணைகளின் பன்றிகளை உலகத்தின் எந்த ஆய்வுகூடத்துக்கு அனுப்பியிருந்தாலும் நிப்பா என்ற வரி ரிப்போர்ட்டில் வந்திருக்காது, ஏனென்றால் அப்படி ஒரு டெஸ்ட்டே இல்லை.

நம் நாட்டிலும் அனுபவம் உண்டு. 1980களின் நடுவில் அனுராதபுரம் பக்கம் யப்பானிய மூளைக்காய்ச்சல் பரவியது. நீர்ப்பாசன வயல்கள் பெருகிய இடத்தில் பன்றி வளர்ப்பும் சேர்ந்தது. வயல் தண்ணீரில் நுளம்பு, பக்கத்தில் வைரஸைப் பெருக்கிக் கொடுக்கப் பன்றி. 1988-லிருந்து பிள்ளைகளுக்குத் தடுப்பூசி தொடங்கியது அதற்குப் பிறகுதான். 2024 கடைசியில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்து இலங்கையில் பன்றிகள் செத்தபோது, அது மனிதருக்குத் தொற்றாத வைரஸ் என்பது நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். ஆனால் ஒரு கிருமி நாட்டுக்குள் வந்தபிறகு பண்ணைக்குப் பண்ணை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அப்போது பார்த்தோம்.

இதைப் படித்துவிட்டு, சரி, பன்றி வேண்டாம், மனிதக் கிட்னியே பாதுகாப்பு என்று யாராவது முடிவு செய்தால் அதுவும் முழு உண்மையில்லை. 2004-ல் அமெரிக்காவில் இறந்த ஒருவரின் உறுப்புகளை எடுத்து மற்றவர்களுக்குப் பொருத்தினார்கள். அவருக்கு நீர்வெறுப்பு நோய் இருந்தது யாருக்கும் தெரியாது. கிட்னி இரண்டு, ஈரல் ஒன்று, இரத்தக் குழாய்த் துண்டு ஒன்று. பெற்ற நான்கு பேரும் அந்த நோயால் இறந்தார்கள். மூளைச்சாவடைந்தவரின் உறுப்பை எடுப்பதற்குச் சில மணி நேரம்தான் கிடைக்கும். அந்த மணித்தியாலங்களுக்குள் எச்ஐவி, பி வகை, சி வகை ஈரலழற்சி என்று பார்த்து முடிக்க வேண்டும். நேற்றுத் தொற்றிய வைரஸ் இன்று டெஸ்ட்டில் தெரியாது. இரத்ததான முகாம்களில் நாங்கள் கேள்விக் கொத்தை வரி வரியாகக் கேட்பது அதனால்தான். கோயில் மண்டபத்தில் வரிசையில் நிற்பவருக்கு அது எரிச்சலாக இருந்தாலும்.

பன்றியில் அந்த அவசரம் இல்லை. இதுதான் இந்த முழு விஷயத்திலும் எனக்கு நம்பிக்கை தரும் இடம். பன்றியைப் பிறந்த நாளிலிருந்து மாதக்கணக்கில் கவனிக்கலாம். தாயையும், தாயின் தாயையும் பரிசோதிக்கலாம். கூடப் பிறந்த குட்டியை அறுத்து மண்ணீரல்வரை பார்க்கலாம். வடிகட்டிய காற்று, கிருமி நீக்கிய தீனி, வெளியாள் குளித்து உடை மாற்றாமல் உள்ளே வர முடியாத கொட்டில் என்று வளர்க்கலாம், வளர்க்கவும் செய்கிறார்கள். நியூசிலாந்துக்குத் தெற்கே ஆக்லாந்து தீவுகளில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பல்காரர்கள் விட்ட பன்றிகள், வெளியுலகப் பன்றிகளோடு கலக்காமலே பெருகியிருந்தன. அவற்றில் பொதுவான பன்றி நோய்கள் பல இல்லை என்று கண்டு, சிலவற்றைக் கொண்டு வந்து கணையச் செல் ஆய்வுக்காக வளர்த்தார்கள். குரங்கை விட்டுவிட்டுப் பன்றியைத் தேர்ந்ததற்கும் ஒரு காரணம் இதே. குரங்கு நமக்கு மிக நெருங்கிய சொந்தம், அதன் வைரஸ்களுக்கு நம் உடம்பு பழகிய வீடு. எச்ஐவியே சிம்பன்சியிடமிருந்து வந்ததுதான்.

பன்றி ஏற்கெனவே நம் ஆஸ்பத்திரிகளுக்குள் இருக்கிறது என்பதையும் பலர் யோசிப்பதில்லை. டயலிசிஸ் இயந்திரத்தில் இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெபாரின், உலகத்தில் பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது. இதய வால்வாகப் பன்றியின் வால்வை எத்தனையோ பேர் சுமக்கிறார்கள். அவை இரசாயனத்தில் பதப்படுத்திய, உயிரில்லாத திசுக்கள், அதனால் வைரஸ் பிழைப்பது கடினம். கிட்னி உயிரோடு இருக்க வேண்டும். அதோடு அதற்குள் இருப்பதும் உயிரோடு இருக்கும். 2010-ல் ரோட்டா வைரஸ் தடுப்பூசி ஒன்றில் பன்றியின் சர்க்கோ வைரஸ் டிஎன்ஏ கண்டுபிடிக்கப்பட்டது. தயாரிப்பில் பயன்படுத்திய பன்றிக் கணைய நொதியின் வழியே வந்திருந்தது. பிள்ளைகளுக்கு அதனால் தீங்கு எதுவும் இல்லை, சில வார இடைநிறுத்தத்துக்குப் பிறகு அந்தத் தடுப்பு மருந்தைக் கொடுப்பது தொடர்ந்தது. ஆனால் அதைப் பிடித்தது வழக்கமான டெஸ்ட் இல்லை. மாதிரிக்குள் இருக்கும் மரபணுத் துணுக்குகளையெல்லாம் வாசித்துப் பார்க்கும் முறை. பட்டியலில் இல்லாததைப் பிடிக்க இன்றைக்கு நம்மிடம் உள்ள வழி அது. பெனட்டின் இரத்தத்தில் முதலில் மணியடித்ததும் அதே வகை டெஸ்ட்தான்.

என்னோடு வேலை செய்யும் காத்தான்குடிச் சகோதரி ஒருவரிடம் இதைப் பேசினேன். மார்க்கக் கேள்வியை உலமாக்களிடம் கேட்போம் என்றார். பெனட்டின் சத்திரசிகிச்சைக் குழுவில் இருந்த முகமது முஹியுத்தீன் கராச்சியில் படித்த முஸ்லிம் மருத்துவர் என்று சொன்னதும் அவருக்கு ஆச்சரியம். பிறகு அவர் கேட்டது என்னை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது: “வெச்ச பிறகு அந்த ஆளுக்கு யார் பிளட் எடுக்கிற? எவ்வளவு காலத்துக்கு?”

2001-ல் அமெரிக்கச் சுகாதாரத் துறை வெளியிட்ட வழிகாட்டலில் அதற்குப் பதில் இருக்கிறது. விலங்கு உறுப்பு பெற்றவரை ஆயுள் முழுக்கக் கண்காணிக்க வேண்டும். அவருடைய மாதிரிகளையும் பன்றியின் மாதிரிகளையும் 50 ஆண்டுகள் உறைய வைத்துக் காக்க வேண்டும். அவரும் அவரோடு நெருங்கி வாழ்பவரும் இரத்ததானம் செய்யக்கூடாது. வேறெந்த மருத்துவ ஆய்விலும் ஒருவர் “எனக்குப் போதும்” என்று எழுந்து போகலாம்; அந்த உரிமை புனிதமானது என்றுதான் எங்களுக்குக் கற்பித்தார்கள். இங்கே எழுந்து போனால் ஊரின் பாதுகாப்பு போகிறது. ஆயுள் முழுக்க இரத்தம் கொடுப்பேன் என்று ஒரு மனிதனைக் கட்டுப்படுத்தலாமா? என் மனம் இதில் இன்னும் நிலைக்கு வரவில்லை, ஆனால் ‘கட்டுப்படுத்தலாம்’ என்ற பக்கமே சாய்கிறது. அப்படிக் கட்டுப்படுத்துவதானால் போக்குவரத்துச் செலவு, கூலி இழப்பு, வீட்டாருக்கான ஆலோசனை எல்லாம் அரசின் தலையில் இருக்க வேண்டும். கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒருவர் தன் காசில் கொழும்புக்கு வருஷா வருஷம் போய் இரத்தம் கொடுப்பார் என்று நினைப்பது நடக்காத காரியம்.

50 ஆண்டுகள் என்றால் மைனஸ் 80 பாகையில் 50 ஆண்டுகள். 2022 மார்ச்சில் நாள் ஒன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் இல்லாமல் இருந்த நாடு இது. அந்த மாதங்களில் ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டே எங்கள் தொண்டை வற்றியது. குளிர்பெட்டியில் இருந்த சோதனைப் பொருட்களை இடம் மாற்றி மாற்றிக் காப்பாற்றினோம். அரிதான வைரஸ் பரிசோதனைகள் பலவற்றுக்கு இன்றும் மாதிரி பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்குத்தான் போகிறது. பன்றி உறுப்பு மாற்றுச் சிகிச்சை இலங்கையில் உடனே தொடங்கப் போவதில்லை. ஆனால் வேறு நாட்டுக்குப் போய் வைத்துக்கொண்டு திரும்பி வருகிறவர் தொடங்கிவிடலாம். கிட்னிக்காகக் கடல் கடப்பது நம் பகுதிக்குப் புதிதில்லை. 2008-ல் சீனாவின் சாங்ஷாவில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய கூட்டத்திலேயே, கண்காணிப்பில்லாத நாடுகளில் இப்படிச் செய்துகொண்டு ஊர் திரும்புகிறவர்களைப் பற்றிக் கவலைப்பட்டார்கள்.

அமெரிக்காவில் 2025 தொடக்கத்தில் பன்றிக் கிட்னிக்கான முறையான மனிதப் பரிசோதனைகளுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். அது நல்ல செய்தி என்றே நினைக்கிறேன். தெகியத்தகண்டி போன்ற அம்பாறையின் உட்பகுதிகளில் காரணம் பிடிபடாத சிறுநீரக நோயில் தேய்ந்துபோகும் விவசாயிகளை எண்ணும்போது, இந்த வழி அடைபட்டுவிடக் கூடாது என்று மனம் அடித்துக்கொள்கிறது. உயிருள்ள உறவினரின் கிட்னிக்கும் மூளைச்சாவுக்கும் காத்திருந்து காத்திருந்தே பலர் போய்விடுகிறார்கள்.

மாமாவுக்கு மூத்த மகள் தன் கிட்னியைத் தர முன்வந்திருக்கிறாள். இரத்த வகை பொருந்துகிறது. இருவருக்கும் மனித சைட்டோமெகலோ வைரஸ் ஆன்டிபொடி பொசிட்டிவ். நம் ஊரில் பெரும்பாலானோருக்கு அப்படித்தான். பெனட்டின் இதயத்தில் இருந்ததைப் போலவே இதுவும் உறங்கும் வைரஸ், ஆனால் இதற்கு நமக்கு டெஸ்ட் இருக்கிறது, மருந்து இருக்கிறது, எந்த வாரத்தில் பார்க்க வேண்டும் என்ற அட்டவணை இருக்கிறது. பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்டதற்கு நான் மாமாவிடம் சொன்னது இது: பன்றியின் சைட்டோமெகலோ வைரஸ் மனிதச் செல்லைத் தொற்றியதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, பெர்வ் இதுவரை ஒருவருக்கும் வரவில்லை, பெயர் தெரியாத ஒன்று வந்தால் அதைச் சீக்கிரம் பிடிக்க ஒரே வழி விடாமல் பார்த்துக்கொண்டே இருப்பது. அவர் தலையாட்டினார். “அப்ப பாக்கிற ஆக்கள் இருந்தா வெக்கலாம்” என்றார்.

ஓம், அப்படித்தான். யாராவது உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ இப்படி ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று சொன்னால், பன்றிக்கு ஆன்டிபொடி டெஸ்ட் செய்த ரிப்போர்ட்டைக் கேளுங்கள், மூக்கு மாதிரி மட்டும் போதாது. உங்கள் மாதிரியும் பன்றியின் மாதிரியும் எங்கே, யார் பொறுப்பில் இருக்கும் என்று கேளுங்கள். மட்டக்களப்புக்குத் திரும்பிய பிறகு உங்களுக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் யார் இரத்தம் எடுத்து, எந்த ஆய்வுகூடத்தில் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு இன்றைக்கு எங்கள் பக்கம் பதில் சொல்ல ஆளில்லை. அந்த ஆளும் ஆய்வுகூடமும் முடிவாகும்வரை நான் யாரையும் போகச் சொல்ல மாட்டேன்.